இலைச்சாற்றில் ஜிங்க் ஆக்சைடு நானோ துகள்: இலை என்ன செய்தது என்று எப்படிக் காட்டுவது?

இலைச்சாற்றில் ஜிங்க் அசிடேட் என்ற துத்தநாக உப்பைக் கரைத்து, காரத்தன்மையைக் கொஞ்சம் ஏற்றிச் சூடாக்கினால் வெளிறிய ஒரு வீழ்படிவு வந்துவிடும். அதைக் கழுவி, உலர்த்தி, பாக்டீரியா வளர்த்த தட்டில் வைத்தால் சுற்றிலும் தெளிவான வளையமும் வரும். இந்த இரண்டும் புதிதாகத் தொடங்கும் மாணவர்களுக்கே சீக்கிரம் கிடைத்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். வந்த பொடியில் இலையின் பங்கு எவ்வளவு, பாக்டீரியாவைத் தடுத்தது துகளா அல்லது வேறு ஏதாவதா என்பதைக் காட்டுவதற்கு நிறைய வேலை இருக்கிறது.

என் முனைவர் பட்ட ஆய்வு முழுக்க இந்தப் பொடியோடுதான் போனது. தலைப்பைக் கொண்டுபோய் நீட்டியபோது என் நெறியாளர் கேட்ட முதல் கேள்வி, "இலையே இல்லாவிட்டாலும் இது வந்துவிடாதா?" என்பதுதான். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சோதனைகளை அமைத்ததில் தெரிந்துகொண்டவற்றை, இதே வேலையைத் தொடங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வேதியியலிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. தாவரச் சாற்றில் வெள்ளி நானோ துகள் செய்யும் முறை முதலில் பரவியது. அங்கே சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்கள் வெள்ளி அயனிக்கு எலக்ட்ரானைக் கொடுத்து அதை உலோகமாக ஒடுக்குகின்றன. வெள்ளியின் திட்ட மின்முனை அழுத்தம் (அயனி எலக்ட்ரானை ஏற்க எவ்வளவு நாடுகிறது என்பதன் அளவு) +0.80 வோல்ட், ஆகவே அது எளிதாக நடக்கும். அதே வாக்கியத்தை அப்படியே எடுத்து, "இலையிலுள்ள சேர்மங்கள் துத்தநாக அயனியை ஒடுக்கி ஜிங்க் ஆக்சைடாக மாற்றுகின்றன" என்று பல கட்டுரைகள் எழுதிவிடுகின்றன. துத்தநாகத்துக்கு அந்த அழுத்தம் −0.76 வோல்ட். இலைச்சாறு அதை உலோகமாக்க முடியாது, ஆக்கவும் தேவையில்லை. உப்பில் +2 நிலையில் இருக்கும் துத்தநாகம் ஆக்சைடிலும் +2 நிலையிலேதான் இருக்கிறது. நடப்பது ஒடுக்கமே கிடையாது. துத்தநாக அயனியோடு ஹைட்ராக்சைடு சேர்கிறது, பிறகு நீர் வெளியேறுகிறது, ஆக்சைடு மிஞ்சுகிறது.

அப்படியானால் இலைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. சாற்றிலுள்ள ஃபிளேவனாய்டுகளும் கரிம அமிலங்களும் துத்தநாக அயனியைப் பிடித்து அணைவாக்கி வைக்கும். அதனால் வீழ்படிவு ஒரேயடியாகக் கொட்டாமல் மெதுவாக வரும். வளரும் படிகத்தின் பரப்பில் ஒட்டிக்கொண்டு சில முகங்களின் வளர்ச்சியைத் தடுக்கும். துகளின் அளவும் வடிவமும் மாறுவது இப்படித்தான். இது புரிந்தபின் "நிறம் மாறியது, ஆகவே நானோ துகள் உருவானது" என்று எழுதக் கை வராது. வெள்ளியில் நிறமாற்றம் துகளிலிருந்து வருகிறது. ஜிங்க் ஆக்சைடு வெள்ளைப் பொருள். கரைசல் பழுப்பாவது பெரும்பாலும் காரத்தில் பாலிஃபீனால்கள் ஆக்சிஜனேற்றம் அடைவதால்தான். ஜிங்க் உப்பு சேர்க்காத வெறும் சாற்றில் அதே அளவு காரம் விட்டுப் பாருங்கள், அதுவும் பழுப்பாகும். நான் அந்தக் குப்பியை ஒவ்வொரு தொகுதியிலும் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

சாறு தயாரிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான் பெரும்பாலும் வேப்பிலையை எடுத்தேன். நன்றாகக் கழுவி, நிழலில் உலர்த்தி, பொடித்து, காய்ச்சி வடித்த நீரில் 60 முதல் 80 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைத்து, வடிதாளில் வடிகட்டினால் போதும். கொதிக்கவிட வேண்டியதில்லை. கவனம் வேண்டியது வேறு இடத்தில். இலையின் வயது, பருவம், உலர்த்திய விதம் என எல்லாமே சாற்றை மாற்றும். "10 மி.லி. சாறு சேர்த்தேன்" என்று குறிப்பேட்டில் எழுதினால் அடுத்த பருவத்தில் அது வேறு பொருளாக இருக்கும். ஆகவே ஆய்வு முழுவதற்குமான இலைப்பொடியை ஒரே முறையாகத் தயாரித்து, காற்றுப்புகாமல் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் ஃபோலின்-சியோகால்டு முறையில் மொத்த ஃபீனாலை அளந்து, எவ்வளவு காலிக் அமிலத்துக்குச் சமம் என்று குறித்தேன். சாற்றின் கன அளவுக்குப் பதிலாக அந்த எண்ணைப் பின்பற்றியதும் தொகுதிக்குத் தொகுதி இருந்த வித்தியாசம் நன்றாகவே குறைந்தது. சாற்றை 4 டிகிரியில் வைத்தாலும் சில நாட்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள். பூஞ்சை பிடித்த சாற்றை வடிகட்டிப் பயன்படுத்துவது வேண்டாம், அதில் வேறு சேர்மங்கள் வந்துவிட்டிருக்கும்.

உப்பில் இரண்டு தேர்வு உண்டு: அசிடேட், நைட்ரேட். நான் அசிடேட் பக்கம். நைட்ரேட் ஓர் ஆக்சிஜனேற்றி, சாறு எரிபொருள். இரண்டையும் சேர்த்துப் பசை போல வற்றவிட்டு ஃபர்னஸில் வைத்தால் திடீரென்று பற்றிக்கொள்ளக்கூடும், பழுப்பு நிற நைட்ரஜன் டைஆக்சைடு புகையும் வரும். இந்த எரிதலையே முறையாகப் பயன்படுத்திப் பொடி செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தெரியாமல் அதில் போய் நிற்கக் கூடாது. நைட்ரேட்தான் வேண்டுமென்றால் சிறிய அளவில், புகைக்கூண்டுக்குள், வீழ்படிவை நன்றாகக் கழுவிய பிறகு சூடாக்குங்கள்.

வீழ்படிவு வர பிஹெச் உயர வேண்டும். இலைச்சாறு பெரும்பாலும் லேசான அமிலத்தன்மை கொண்டது, தானாக அந்த அளவுக்கு உயர்த்தாது. சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக, கலக்கிக்கொண்டே விட வேண்டியிருக்கும். துத்தநாக ஹைட்ராக்சைடு ஈரியல்பு கொண்டது, அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். காரம் மிக அதிகமானால் ஜிங்கேட் அயனியாக மறுபடி கரைந்துபோகும். எடை ஏன் குறைகிறது என்று தேடுபவர்கள் முதலில் பிஹெச்சைப் பார்க்கலாம். சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்ததை முறைப்பகுதியில் தெளிவாக எழுதுவதும் முக்கியம். அதை ஓர் ஓரத்தில் ஒளித்துவிட்டு எல்லாம் இலையின் வேலை என்று சொல்வது படிப்பவருக்கு நியாயமில்லை. பசுமை வேதியியலின் 12 கொள்கைகளை அனஸ்டாஸும் வார்னரும் 1998இல் வகுத்தபோது கழிவைத் தடுப்பது, ஆற்றலைக் குறைப்பது, பாதுகாப்பான கரைப்பானைத் தேர்வது எல்லாவற்றையும் சேர்த்தார்கள். இலை சேர்த்தது மட்டும் ஒரு முறையைப் பசுமையாக்கிவிடாது. எவ்வளவு நீரில் கழுவினோம், ஃபர்னஸ் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதும் கணக்கில் வரும்.

எல்லோரும் செய்ய வேண்டும் என்று நான் விரும்பும் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 0.1 மோலார் ஜிங்க் அசிடேட் டைஹைட்ரேட் கரைசல் 100 மி.லி. எடுத்தால் அதில் உப்பு 2.195 கிராம். துத்தநாகம் முழுவதும் ஆக்சைடானால் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் 0.81 கிராம். உலர்த்திய பொடி ஒரு கிராமுக்கு மேல் இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். ஹைட்ராக்சைடாகவே நின்றிருந்தாலும் 0.99 கிராம்தான் வரும், ஆகவே மிச்சம் இலையின் கரிமப் பொருளோ, கழுவாத உப்போ, ஈரமோதான். அந்தப் பொடியை மில்லிகிராம் கணக்கில் நிறுத்துப் பாக்டீரியாவுக்குக் கொடுத்தால், உண்மையில் எவ்வளவு ஜிங்க் ஆக்சைடு கொடுத்தோம் என்பதே தெரியாது. வெப்ப எடைப் பகுப்பாய்வு வசதி இருந்தால் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் கொஞ்சம் பொடியை 500 டிகிரியில் சூடாக்கி, எடை எவ்வளவு குறைகிறது என்று பார்த்தாலே ஓரளவு விடை கிடைக்கும்.

சூடாக்குவதில்தான் பெரிய முரண்பாடு இருக்கிறது. 400, 500 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் படிகம் நன்றாக அமையும், எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படம்) அழகாக வரும். ஃபர்னஸிலிருந்து சூடாக எடுக்கும்போது பொடி மஞ்சளாக இருந்து, ஆறியதும் வெள்ளையாகும். ஜிங்க் ஆக்சைடுக்கே உரிய குணம் அது, எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. ஆறிய பிறகும் சாம்பல் நிறம் இருந்தால் கரி மிஞ்சியிருக்கிறது என்று பொருள். ஆனால் அந்த வெப்பத்தில் இலையின் சேர்மங்கள் ஏறக்குறைய முழுவதும் எரிந்துவிடும். அதற்குப் பிறகு "துகளின் மேற்பரப்பிலுள்ள தாவரச் சேர்மங்கள் நுண்ணுயிர் எதிர்ப்பைக் கூட்டின" என்று எப்படிச் சொல்வது? அதோடு ஜிங்க் அசிடேட்டைத் தனியாக அந்த வெப்பத்துக்குக் கொண்டுபோனாலே அது சிதைந்து ஜிங்க் ஆக்சைடு ஆகிவிடும், இலையே தேவையில்லை.

இதனால் ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு பொடிகளைச் சேர்த்தே செய்தேன்: சாறு சேர்த்துச் சூடாக்காதது, சாறு சேர்த்துச் சூடாக்கியது, சாறு இல்லாமல் சூடாக்காதது, சாறு இல்லாமல் சூடாக்கியது. பிஹெச், நேரம், கழுவுதல் எல்லாம் நான்குக்கும் ஒன்றே. வேலை கூடத்தான் செய்தது. ஆனால் என் ஆய்வில் நம்பிக்கையோடு சொல்ல முடிந்தவை எல்லாம் இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் கிடைத்தவைதான். என் பொடிகளில் இலையின் பங்கு சூடாக்காத ஜோடியில் தெளிவாகத் தெரிந்தது. சாறு சேர்ந்தவை சிறிதாகவும் குறைவாகத் திரண்டும் இருந்தன. சூடாக்கிய ஜோடியில் அந்த வித்தியாசம் பெருமளவு மங்கிவிட்டது. பாக்டீரியா சோதனையிலும் சூடாக்கிய இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே நடந்துகொண்டன.

கருவிகளைப் பொறுத்தவரை சில விஷயங்கள் மட்டும் சொல்கிறேன். யுவி நிறமாலையில் ஜிங்க் ஆக்சைடு 360 முதல் 380 நானோமீட்டர் வாக்கில் உட்கவரும். ஃபிளேவனால் வகைச் சேர்மங்களும் கிட்டத்தட்ட அதே பகுதியில் உட்கவரும், ஆகவே சரியாகக் கழுவாத மாதிரியில் வரும் மேட்டை நம்ப வேண்டாம். சாற்றின் நிறமாலையையும் அதே படத்தில் போடுங்கள். எக்ஸ்ஆர்டியில் தாமிரக் கதிருக்கு 31.8, 34.4, 36.3 டிகிரியில் வரும் மூன்று உச்சங்கள்தான் அறுகோண ஜிங்க் ஆக்சைடின் அடையாளம், 47.5, 56.6, 62.9 ஆகியவையும் இருக்க வேண்டும். கூடுதலாக ஏதாவது உச்சம் தெரிந்தால் அதை விட்டுவிடாதீர்கள், அது ஹைட்ராக்சைடாகவோ கார்பனேட்டாகவோ இருக்கலாம்.

எக்ஸ்ஆர்டி உச்சத்தின் அகலத்திலிருந்து அளவைக் கணக்கிடும் ஷெரர் சமன்பாட்டில் மாணவர்கள் அடிக்கடி தடுமாறுவதைப் பார்க்கிறேன். 36.3 டிகிரி உச்சத்தின் பாதி உயர அகலம் 0.45 டிகிரி என்று வையுங்கள். அதை ரேடியனாக மாற்றினால் 0.00785. அலைநீளம் 0.15406 நானோமீட்டர், மாறிலி 0.9, கோணத்தில் பாதி 18.15 டிகிரி. விடை சுமார் 18.6 நானோமீட்டர். ரேடியனாக மாற்றாமல் 0.45ஐ அப்படியே போட்டால் 0.32 என்று வரும். அது படிகத்தின் ஓர் அலகுக் கூடு அளவுக்குக்கூடத் தேறாது. கருவியே உச்சத்தைக் கொஞ்சம் அகலமாக்கும், அதையும் கழிக்க வேண்டும். கிடைக்கும் எண் படிகக்கூறின் அளவு, துகளின் அளவு அல்ல. ஒரு துகளுக்குள் பல படிகக்கூறுகள் இருக்கலாம். ஒளிச்சிதறல் முறையில் 200 என்றும் எக்ஸ்ஆர்டியில் 20 என்றும் வந்தால் பதற வேண்டியதில்லை. முதலாவது நீரில் திரண்டிருக்கும் கூட்டத்தின் அளவைச் சொல்கிறது. பாக்டீரியா சந்திப்பது அந்தக் கூட்டத்தைத்தான்.

இனி பாக்டீரியா. இந்தப் பகுதியில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன், ஏனென்றால் மருத்துவத்தோடு தொடர்புள்ள எந்தப் பேச்சும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

அகாரில் குழி வெட்டி, பொடிக் கலவையை ஊற்றி, வளையத்தின் விட்டத்தை அளப்பது எளிது. ஆனால் நானோ துகள் அகாருக்குள் நன்றாகப் பரவாது, திரண்ட துகள் குழியிலேயே தங்கிவிடும். வெளியே போவது கரைந்த துத்தநாக அயனியும், கழுவப்படாத உப்பும் காரமும் இலைச் சேர்மங்களும். அதனால் வளையம் பெரிதாக இருப்பது பொடி நல்லது என்பதற்கும் சான்றாகலாம், சரியாகக் கழுவவில்லை என்பதற்கும் சான்றாகலாம். கடைசியாகக் கழுவிய நீரை எடுத்து அதையும் ஒரு குழியில் ஊற்றிப் பாருங்கள். அங்கே வளையம் வந்தால் சென்ட்ரிஃபியூஜுக்குத் திரும்ப வேண்டியதுதான். பொடியை நீரில் கலக்கியபின் பிஹெச் என்ன என்றும் பாருங்கள். பாக்டீரியாவைக் கொல்லக் காரம் மட்டுமே போதும்.

நான் முதன்மையாக நம்பியது திரவ ஊடகத்தில் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவை, அதாவது வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த அளவை, சிறு குழிகளில் படிப்படியாக நீர்த்துக் காணும் நுண்நீர்ப்பு முறையை. பாக்டீரியாவை 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற நிலையான கலங்கல் அளவுக்குச் சரிசெய்து, இறுதியில் ஒரு மில்லிலிட்டருக்கு 5 லட்சம் உயிரணுக்கள் வரும்படி நீர்த்து, முல்லர்-ஹின்டன் என்ற வளர்ப்புத் திரவத்தில் 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம் வைப்பது வழக்கமான ஒழுங்கு. ஈ.கோலை ஏடிசிசி 25922, ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஏடிசிசி 29213 போன்ற தரக் கட்டுப்பாட்டு இனங்களைச் சேர்த்தால், அறிந்த ஓர் ஆன்டிபயாட்டிக்கை வைத்து உங்கள் சோதனையே சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கலாம். இதில் ஒரு தொல்லை உண்டு: பொடியே கலங்கலாக இருப்பதால் வளர்ச்சியைக் கண்ணாலோ ஒளி அடர்த்தியாலோ சொல்ல முடியாது. ரெசாசுரின் சாயம் உதவும். உயிருள்ள செல் இருந்தால் நீலம் இளஞ்சிவப்பாகும். பாக்டீரியா இல்லாமல் பொடியும் சாயமும் மட்டும் உள்ள குழிகளையும் வையுங்கள், பொடி சாயத்தோடு ஏதாவது செய்கிறதா என்று தெரிய வேண்டும். சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் நான் தட்டில் பரப்பிக் காலனிகளை எண்ணினேன். அப்படிப் பரப்பும்போது நன்றாக நீர்த்துவிட்டுப் பரப்ப வேண்டும். நீர்க்காமல் வைத்தால் துகள்களும் கூடவே போய் அகாரில் அமர்ந்து வளர்ச்சியைத் தடுக்கும், கொன்றுவிட்டதாக நாம் நினைத்துக்கொள்வோம்.

கன்ட்ரோல்களில், அதாவது ஒப்பிட வைக்கும் மாதிரிகளில், என்னைக் கேட்டால் மிக முக்கியமானது ஜிங்க் உப்புதான். ஜிங்க் ஆக்சைடு பாக்டீரியாவைப் பாதிப்பதற்கு மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன: கரைந்து வரும் துத்தநாக அயனி, ஒளி பட்டு உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜன் வகைகள், துகள் நேரடியாக ஒட்டிச் செல் சவ்வைக் குலைப்பது. எது எவ்வளவு என்று பிரிக்க, அதே அளவு துத்தநாகம் உள்ள கரையும் உப்பை ஒப்பிட வேண்டும். ஜிங்க் ஆக்சைடின் எடையில் 80 சதவீதம் துத்தநாகம். அசிடேட் டைஹைட்ரேட்டில் 30 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆக 100 மைக்ரோகிராம் ஆக்சைடுக்குச் சமமாக 270 மைக்ரோகிராம் அசிடேட் எடுக்க வேண்டும். சம எடை எடுத்து ஒப்பிட்டால் நானோ துகள் தேவையில்லாமல் வெற்றி பெறும். இதோடு வெறும் சாறு, சாதாரணப் பெரிய துகள் ஜிங்க் ஆக்சைடு, தட்டை அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில் வைத்த ஒரு தொகுதி ஆகியவையும் வேண்டும். இருட்டிலும் அதே விளைவு வந்தால் ஒளியால் வரும் ஆக்சிஜன் வகைகளைப் பற்றி எழுதும் பத்தியைச் சுருக்கிக்கொள்ளலாம்.

ஊடகமும் கதையை மாற்றும். முல்லர்-ஹின்டனில் உள்ள அமினோ அமிலங்களும் பெப்டைடுகளும் துத்தநாக அயனியைப் பிடித்துக்கொள்ளும். பாஸ்பேட் தாங்கல் கரைசலில் துத்தநாகப் பாஸ்பேட்டாக வீழ்படியும். ஒரே பொடி ஒரு கட்டுரையில் அருமையாகவும் இன்னொன்றில் சுமாராகவும் வேலை செய்வதற்கு இது ஒரு காரணம். யாருடைய எண்ணோடும் உங்கள் எண்ணை ஒப்பிடும் முன், எந்த ஊடகம், எத்தனை செல்கள் என்று பாருங்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். "இலையில் செய்தது, ஆகவே தீங்கில்லை" என்ற பேச்சை மாணவர்களிடம் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கும். உலர்ந்த பொடியைக் கல்வத்தில் அரைக்கும்போது அது காற்றில் எழும். புகைக்கூண்டுக்குள் அரையுங்கள், நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசம் போடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் சன்ஸ்கிரீனில் நானோ ஜிங்க் ஆக்சைடை 25 சதவீதம் வரை அனுமதிக்கிறது, ஆனால் மூச்சில் உள்ளே போகக்கூடிய ஸ்பிரே போன்ற வடிவங்களில் அனுமதிக்கவில்லை. தோலின் மேல் இருப்பதும் நுரையீரலுக்குள் போவதும் வேறு வேறு. கழுவிய நீரைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். துத்தநாகம் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. தனிக் கலனில் சேர்த்து, ரசாயனக் கழிவாகக் கொடுங்கள்.

"நானோ துகளுக்கு எதிர்ப்புத்திறன் வராது" என்ற வரியையும் என் ஆய்வேட்டில் நான் எழுதவில்லை. பன்றிக்குட்டிகளின் வயிற்றுப்போக்குக்கு மருந்தளவில் ஜிங்க் ஆக்சைடு கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனோடு நிறுத்தியது. மண்ணில் துத்தநாகம் சேர்வதும், ஆன்டிபயாட்டிக் எதிர்ப்புள்ள பாக்டீரியாக்கள் கூடவே தேர்வாவதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். மெத்திசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு எதிர்ப்புள்ள சில ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இனங்களில், துத்தநாகத்தை வெளியேற்றும் மரபணு மெத்திசிலின் எதிர்ப்பு மரபணு இருக்கும் அதே டிஎன்ஏ துண்டிலேயே அமர்ந்திருக்கிறது. துத்தநாகத்தைக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்தே பிழைக்கும். அதனால் இப்போது என் பொடிகளில் தடுப்புச் செறிவுக்குக் கீழான அளவில் பாக்டீரியாவைத் தொடர்ந்து வளர்த்து, சில தலைமுறைகளுக்கு ஒருமுறை அந்தச் செறிவை மறுபடி அளந்து, கூடவே ஆன்டிபயாட்டிக் உணர்திறனையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாறு சேர்த்தது, சேர்க்காதது, ஜிங்க் உப்பு மூன்றும் இந்தச் சோதனையிலும் பக்கத்தில் பக்கத்தில்தான் ஓடுகின்றன.